நான்கு வாரம், ஆயிரம் மைல்: குழந்தைகளோடும் பாடத்தோடும் கிராண்ட் கேன்யன் முதல் பிரைஸ் வரை ஒரு கேம்பர் பயணம்

குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு மாதம், படுக்கையும் அடுப்பும் கொண்ட கேம்பர் வண்டியில் சுற்றி வரலாம் என்று நினைக்கும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களை எழுதுகிறார்கள். ஒன்றில் பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கும்; மற்றொன்றில் அந்த ஒரு மாதத்தில் விட்டுப்போகும் பாடங்கள் இருக்கும். நாங்களும் டெக்சஸில் எங்கள் சமையலறை மேசையில் அப்படித்தான் தொடங்கினோம். மகனுக்கு அப்போது 12 வயது. மகள் நான்காம் வகுப்பு. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல இரவுகள் பார்த்த பிறகுதான், ஊர்களை எந்த வரிசையில் அடுக்குகிறோமோ அந்த வரிசையே பாடத்திட்டமாக அமைய முடியும் என்பது புரிந்தது. ஓரிடத்தில் எழும் கேள்விக்கு அடுத்த இடத்தில் விடை கிடைக்குமாறு வழியை அமைத்துவிட்டால், பாதிப் பாடத்தைப் பாதையே நடத்திவிடுகிறது. மீதிப் பாதியை, குறிப்பாகக் கணக்கை, நாம்தான் ஒவ்வொரு காலையும் உட்கார்ந்து நடத்த வேண்டும்.

இந்த வழிகாட்டி லாஸ் வேகஸில் வண்டி எடுத்து, கிராண்ட் கேன்யன் பெரும் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு, பேஜ் என்ற சிற்றூர், ஸயான், பிரைஸ் கேன்யன் என்ற தேசியப் பூங்காக்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு மீண்டும் லாஸ் வேகஸ் திரும்பும், ஏறத்தாழ ஆயிரம் மைல் நீளமுள்ள சுற்றுக்கானது. நாங்கள் செப்டம்பர் நடுவில் புறப்பட்டு அக்டோபர் நடுவில் திரும்பினோம். கோடையின் கடும் வெயில் தணிந்து, மலைப்பகுதியில் பனிப்பொழிவு தொடங்காத அந்த இடைக்காலமே இந்தச் சுற்றுக்கு மிக ஏற்றது.

முதலில் பள்ளியோடு பேசுங்கள்

வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை இது. வீட்டுக்கல்வி அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும். ஆனால் அதற்கான நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. நியூயார்க்கில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிக் கல்வித் திட்டம் எழுதித் தந்து, காலாண்டுக்கு ஒரு முறை அறிக்கையும் அனுப்ப வேண்டும். பென்சில்வேனியாவில் குழந்தையின் ஆண்டு வேலைகளைத் தொகுத்து, தகுதி பெற்ற மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் தனியார் பள்ளி நடத்துவதாக ஓர் உறுதிமொழிப் படிவம் அளிக்கிறார்கள். டெக்சஸில் வீட்டுக்கல்வியை ஒரு வகைத் தனியார் பள்ளியாகவே கருத வேண்டும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்துவிட்டதால், எங்களுக்கு வேலை எளிதாக இருந்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தையும் எழுத்து வடிவப் பாடத்திட்டத்தோடு நேர்மையாக நடத்தினால் போதும்.

விடுப்புக் கடிதம் ஒன்று கொடுத்துவிட்டு நான்கு வாரம் போய் வந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். டெக்சஸ் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பத்து நாட்களோ அதற்கு மேலோ அனுமதியின்றி வராமல் இருந்தால் அது நீதிமன்றம் வரை போகக்கூடும். நான்கு வாரம் என்பது இருபது பள்ளி நாட்கள். ஆகவே நாங்கள் ஒரு பருவம் முழுவதற்கும் முறைப்படி பள்ளியிலிருந்து விலகி, ஜனவரியில் மீண்டும் சேர்த்தோம். இதில் ஒரு கவனம் தேவை. சிறப்புத் திறன் வகுப்பு, இருமொழி வகுப்பு போன்றவற்றில் உங்கள் குழந்தைக்கு இடம் கிடைத்திருந்தால், விலகித் திரும்பும்போது அந்த இடம் இருக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு வாய்மொழியாகக் கிடைத்த உறுதி திரும்பி வந்தபோது செல்லவில்லை. மகன் ஒரு பருவம் காத்திருக்க நேர்ந்தது. இந்த இழப்பை ஏற்க மனமில்லாதவர்கள் இதே சுற்றைப் பள்ளி விடுமுறைக்குள் இரண்டு வாரமாகச் சுருக்கிக்கொள்ளலாம்.

வழியின் வரிசை

வட அரிசோனாவிலிருந்து தென் யூட்டா வரை நிலம் படிப்படியாக உயர்ந்துகொண்டே போகிறது. புவியியலார் இதனைப் பெரும் படிக்கட்டு என்கிறார்கள். கிராண்ட் கேன்யனின் மேல் அடுக்காக இருக்கும் பாறை ஸயானில் அடி அடுக்காகக் கிடக்கிறது. ஸயானின் மேல் அடுக்கு பிரைஸில் அடி அடுக்காகிறது. எனவே கிராண்ட் கேன்யன், ஸயான், பிரைஸ் என்ற வரிசையில் போகிறவர்கள் பூமியின் வரலாற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் நோக்கி வாசிக்கிறார்கள். தலைகீழாகப் போனாலும் காட்சிகள் அவைதாம். ஆனால் குழந்தைகளின் மனத்தில் கதை கோர்வையாக நிற்பதில்லை.

நாங்கள் வகுத்துக்கொண்ட கணக்கு இது: முதல் இரண்டு நாள் லாஸ் வேகஸ் அருகிலேயே, வண்டியைப் பழக, எட்டு நாள் கிராண்ட் கேன்யனிலும் அதன் அருகிலும், ஐந்து நாள் பேஜில், ஆறு நாள் ஸயானில், ஐந்து நாள் பிரைஸில், மீதி இரண்டு நாள் திரும்ப. ஒரே நாளில் 180 மைலுக்கு மேல் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். லாஸ் வேகஸிலிருந்து தெற்கு விளிம்புக்கு ஏறத்தாழ 280 மைல். அதைக்கூட கிங்மனில் ஓர் இரவு தங்கி இரண்டாகப் பிரித்தோம். இதற்கு முன் ஒரு முறை வேறொரு பயணத்தில் நாளுக்கு 300 மைல் வீதம் ஓட்டி, குழந்தைகள் இடங்களைப் பார்த்ததைவிட இருக்கையின் முதுகைப் பார்த்ததே அதிகம் என்ற நிலை வந்தது. ஓரிடத்தில் குறைந்தது நான்கு இரவு தங்கினால்தான் காலையில் பாடமும் மாலையில் நடையும் பழக்கமாகின்றன.

கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பை இந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை. 2025 ஜூலையில் பரவிய காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதியும் பல கட்டடங்களும் எரிந்துபோயின.

வண்டி

நான்கு பேருக்கு 25 அடி நீளமுள்ள ‘கிளாஸ் சி’ வண்டி போதும். ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை, பின்னால் ஒரு படுக்கை, நடுவில் மேசை; அந்த மேசைதான் பள்ளிக்கூடம். இதற்கு மேல் நீளமான வண்டியை எடுக்காதீர்கள். தெற்கு விளிம்பிலுள்ள மேதர் முகாமில் 30 அடிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இடமில்லை. பூங்கா வாகன நிறுத்தங்களிலும் சிறிய வண்டிக்கே எளிதில் இடம் கிடைக்கும்.

வாடகைக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முன்னோக்கிய இருக்கைகளில் எத்தனை இடுப்புப் பட்டைகள் உள்ளன என்பது. எட்டுப் பேர் தூங்கலாம் என்று விளம்பரம் சொல்லும் வண்டியில் எட்டுப் பேர் பாதுகாப்பாக உட்கார முடியாது. பக்கவாட்டில் அமைந்த சோபாவில் குழந்தை இருக்கையைப் பொருத்தவே கூடாது. அரிசோனாவிலும் யூட்டாவிலும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தக்க குழந்தை இருக்கை கட்டாயம். வண்டி ஓடும்போது யாரும் எழுந்து நடக்கக் கூடாது. குளிர்பெட்டியைத் திறக்கப் போவதானாலும் வண்டியை நிறுத்திய பிறகுதான்.

வண்டியின் உயரத்தையும் அகலத்தையும் பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து அளந்து, ஒரு தாளில் எழுதி, ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவிடுங்கள். ஸயானின் கிழக்குப் பகுதியில் 1930இல் திறக்கப்பட்ட, 1.1 மைல் நீளமுள்ள ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ மீறும் வண்டி அதில் தன் தடத்துக்குள் போக முடியாது. முன்பெல்லாம் கட்டணம் செலுத்தினால் எதிர் வண்டிகளை நிறுத்திவைத்து, பெரிய வண்டியைப் போகவிடுவார்கள். 2026 நடுப்பகுதியிலிருந்து பெரிய வண்டிகளை அந்தச் சாலையில் விடுவதில்லை என்று பூங்காத் துறை அறிவித்துவிட்டது. வாடகைக் கேம்பர்களில் பெரும்பாலானவை இந்த அளவை மீறுபவை. ஆகவே பேஜிலிருந்து கனாப், ஃபிரெடோனியா, ஹரிக்கேன் வழியாக ஸயானின் தெற்கு வாயிலுக்கு வாருங்கள். ஃபிரெடோனியாவைத் தாண்டியதும் பைப் ஸ்பிரிங் என்ற ஊற்று வழியிலேயே வரும். பாலைவனத்தில் ஓர் ஊற்றுக்காகப் பையூட் பழங்குடி மக்களும் பின்னர் வந்த குடியேறிகளும் எப்படி மோதினார்கள் என்பதை அங்கே இரண்டு மணி நேரத்தில் குழந்தைகளுக்குக் காட்டிவிடலாம்.

எரிபொருள் செலவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இத்தகைய வண்டி ஒரு கேலனுக்கு எட்டு முதல் பத்து மைல்தான் ஓடும். ஆயிரம் மைலுக்கு நூறு கேலனுக்கு மேல் ஆகும் என்ற கணக்கை மகன் கையில் கொடுத்து, ஒவ்வொரு நிரப்பலையும் அவனையே எழுதச் சொன்னோம். நான்கு வாரமும் அவனுக்கு விகிதக் கணக்கு அதுவாகவே இருந்தது.

முன்பதிவும் நுழைவுச்சீட்டும்

தெற்கு விளிம்பின் மேதர் முகாமுக்கும் ஸயானின் வாட்ச்மன் முகாமுக்கும் ஆறு மாதம் முன்னரே மத்திய அரசின் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் பதிவு திறக்கும். திறந்த சில நிமிடங்களில் இடங்கள் நிரம்பிவிடுவதால், திறக்கும் நாளையும் நேரத்தையும் நாட்காட்டியில் குறித்துவைத்து உட்காருங்கள். மேதரில் மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் கிடையாது. அவை வேண்டுமானால் பக்கத்திலுள்ள டிரெய்லர் வில்லேஜைத் தேர்ந்தெடுக்கலாம். வாட்ச்மனில் மின்சாரம் உள்ள இடங்கள் உண்டு. பிரைஸ் பூங்காவின் உள்ளே இருக்கும் இரு முகாம்களிலும் இணைப்பு இல்லை. எங்கள் அனுபவத்தில், இணைப்பில்லாத இடத்தில் மூன்று இரவுக்கு ஒரு முறை மின் இணைப்புள்ள தனியார் முகாமில் தங்கினால் துணி துவைக்கவும் தொட்டிகளைக் காலி செய்யவும் வசதியாக இருக்கிறது.

நுழைவுக் கட்டணம் ஒரு வண்டிக்கு 35 டாலர் வீதம் மூன்று பூங்காக்களிலும் உண்டு. அமெரிக்காவில் வசிப்போருக்கு 80 டாலரில் ஆண்டுச் சீட்டு கிடைக்கிறது. நான்காம் வகுப்பில் படிக்கும் குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால் அதுவும் தேவையில்லை. அந்தக் குழந்தையின் பெயரில் இலவசச் சீட்டு ஒன்றை இணையத்தில் பெறலாம்; செப்டம்பர் முதல் மறு ஆண்டு ஆகஸ்ட் வரை, வண்டியில் வரும் குடும்பத்தினர் அனைவருக்கும் அது செல்லும். நாங்கள் போனபோது அதைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோக வேண்டியிருந்தது.  வாயிலில் அந்தத் தாளை எங்கள் மகளே நீட்டினாள். குடும்பத்தையே தான் உள்ளே அழைத்துப் போவதாக அவளுக்கு ஒரு பெருமிதம்.

முதல் இரண்டு நாள்: வண்டியைப் படித்தல்

வண்டி கைக்கு வந்த அன்றே மலையேறப் புறப்படாதீர்கள். ஊருக்குள் இருக்கும் ஒரு முகாமில் இரண்டு இரவு தங்கி, ஒவ்வொரு கருவியையும் இயக்கிப் பாருங்கள். எங்கள் வண்டியின் தண்ணீர் பம்பு முதல் இரவே நின்றுவிட்டது. அது ஊருக்குள் நடந்ததால் மறுநாள் காலையில் சரிசெய்ய முடிந்தது.

நல்ல தண்ணீர்த் தொட்டி, குளியல் நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேரும் ‘கிரே டேங்க்’, கழிப்பறைக்கான ‘பிளாக் டேங்க்’ என்று மூன்று தொட்டிகள் இருக்கும். கழிவு இறக்கும் இடத்தில் முதலில் பிளாக் டேங்கைத் திறந்து, அது வடிந்தபின் கிரே டேங்கைத் திறக்க வேண்டும். சோப்பு நீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பிளாக் டேங்கின் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள்; திறந்தே விட்டால் நீர் மட்டும் வடிந்து கசடு உள்ளே இறுகிவிடும். 30 ஆம்பியர் இணைப்பில் குளிர்சாதனமும் மைக்ரோவேவும் ஒரே நேரத்தில் ஓடாமல் போகலாம். வண்டி கிளம்புமுன் எரிவாயு உருளையின் வால்வை மூடிவிடுங்கள்.

புறப்படும்போது வெளியே ஒரு முழுச் சுற்று வருவதைக் குழந்தைகளின் பொறுப்பாக்குங்கள். மின்கம்பி கழற்றியாயிற்றா, படி உள்ளே போயிற்றா, அடுப்பு அணைந்ததா, சன்னல்கள் மூடியாயிற்றா என்று மகள் ஓர் அட்டையில் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு உரக்க வாசிப்பாள். மகன் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் சொல்வான்.

சமையல், அதுவே முதல் அறிவியல் வகுப்பு

அரிசி, துவரம்பருப்பு, வறுத்த ரவை, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அப்பளம் ஆகியவற்றோடு மூன்று லிட்டர் குக்கர் ஒன்றையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். குக்கரை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதைத் தெற்கு விளிம்பில் கண்டோம். மேதர் முகாம் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் மாலை பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தேன். ஒரு மணி நேரம் தளதளவென்று கொதித்தும் பருப்பு விரலுக்கிடையில் மணல்போல நறநறத்தது. மகன் வெப்பமானியை எடுத்துக் கொதிக்கும் நீரில் விட்டுப் பார்த்தான். 93 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை. உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அந்த வெப்பத்துக்கு மேல் ஏறாது. பிறகு அதே பருப்பைக் குக்கரில் மாற்றினோம். உள்ளே அழுத்தம் கூடியதும் கொதிநிலையும் உயர்ந்து, நான்காவது விசிலில் பருப்பு குழைந்தது. அதன்பின் ஹரிக்கேனிலும் ஸயானிலும் பிரைஸிலும் நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று அளந்து, உயரத்துக்கு எதிராக வரைபடம் போட்டான். ஒரு வெப்பமானி மட்டுமே இதற்குத் தேவைப்பட்டது.

நாளின் ஒழுங்கு

காலை எட்டு முதல் பத்து வரை வண்டியின் மேசையில் பாடம். அதில் முதல் ஐம்பது நிமிடம் கணக்கு. கணக்கைப் பயணத்தோடு முழுவதும் கலந்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. எரிபொருள் கணக்கும் மைல் கணக்கும் நல்ல துணை. ஆனால் பின்ன வகுத்தலைத் தாளில் ஐம்பது முறை போட்டுப் பழகினால்தான் ஜனவரியில் வகுப்பில் உட்காரும்போது குழந்தை திணறாமல் இருக்கும். அடுத்து அரை மணி நேரம் வாசிப்பு, பின்னர் ஆங்கிலத்தில் எழுத்து. ஓட்டும் நாட்களில் பாடம் வேண்டாம். வளைந்த சாலையில் புத்தகம் பார்த்தால் வாந்தி வரும்.

நேரலை இணைய வகுப்புகளை நம்பிப் புறப்படாதீர்கள். பூங்காக்களின் பெரும்பகுதியில் கைபேசி இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். ஸயானின் செங்குத்துச் சுவர்களுக்கு இடையே அறவே நின்றுவிடும். அச்சிட்ட பயிற்சிப் புத்தகங்களையும் முன்கூட்டியே இறக்கிவைத்த வரைபடங்களையும் எடுத்துச் செல்வதே நல்லது.

மாலையில் தமிழ். வார இறுதித் தமிழ்ப் பள்ளி விட்டுப்போவதால், நாள் ஒன்றுக்கு ஐந்து வரி தமிழில் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. ஊருக்கு ஒரு படஅட்டை வாங்கித் தாத்தாவுக்கு எழுதவும் வைத்தோம். ‘பள்ளத்தாக்கு’ என்ற சொல்லில் எத்தனை ஒற்று என்பதில் தொடக்கத்தில் நிறையத் தடுமாற்றம் இருந்தது. நான்காவது அட்டைக்குள் அந்தச் சொல் கைக்குள் வந்துவிட்டது.

ஒவ்வொரு பூங்காவின் தகவல் நிலையத்திலும் ‘ஜூனியர் ரேஞ்சர்’ என்ற சிறுவர் கையேடு கிடைக்கும். அதிலுள்ள செயல்பாடுகளை முடித்து, ரேஞ்சர் எனப்படும் பூங்காக் காவலர் முன் உறுதிமொழி எடுத்தால் பதக்கம் தருவார்கள். வந்த அன்றே கையேட்டை வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் வாங்கி ஒரு மணி நேரத்தில் நிரப்பினால் பதக்கம் மட்டுமே கிடைக்கும். நாங்கள் நாளுக்கு இரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டோம்.

கிராண்ட் கேன்யன்: காகிதச் சுருள்

லாஸ் வேகஸிலிருந்து வரும் வழியில் ஹூவர் அணையில் அரை நாள் செலவிடலாம். 1935இல் கட்டி முடிக்கப்பட்ட, 726 அடி உயரமுள்ள அந்த அணையில் கொலராடோ ஆறு தேங்கி நிற்பதை முதலில் பார்த்துவிட்டால், கேன்யனை அறுத்த ஆறு இதுதான் என்பது பின்னால் நினைவில் நிற்கும்.

தெற்கு விளிம்பில் யவபாய் அருங்காட்சியகத்திலிருந்து கிராண்ட் கேன்யன் வில்லேஜ் வரை ‘டிரெயில் ஆஃப் டைம்’ என்ற நடைபாதை 2010இல் அமைக்கப்பட்டது. அதில் ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு பின்னோக்கிப் போகிறோம். ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் உலோகக் குறி பதித்திருக்கிறார்கள், அந்தந்த வயதுக்குரிய பாறையைக் கேன்யனுக்குள்ளிருந்து கொண்டுவந்து பாதையோரம் வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். மனித இனத்தின் முழு வரலாறும் மகளின் முதல் அடிக்குள் முடிந்துவிட்டது. 66ஆவது மீட்டரில் டைனோசார்கள் அழிந்தன. அதன்பிறகும் நடந்துகொண்டே இருந்தோம். கேன்யனின் பாறை ஒன்றும் வரவில்லை. 270ஆவது மீட்டரில்தான் கேன்யனின் மேல் அடுக்கான கைபாப் சுண்ணாம்புக்கல் வந்தது. “அம்மா, இதுக்கு முன்னாடி உள்ள கல்லெல்லாம் எங்க?” என்று அவள் கேட்டாள். இந்தப் பயணம் முழுவதையும் தாங்கி நின்ற கேள்வி அதுதான். மேலே இருந்த அடுக்குகள் இங்கே அரித்துப் போய்விட்டன, அவை இன்னும் நிற்கும் இடங்களுக்குத்தான் அடுத்துப் போகப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன்.

அன்றிரவு ஒரு காகிதச் சுருளை எடுத்து, ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு என்ற அளவில் 270 சென்டிமீட்டர் வெட்டினோம். ஒரு முனையில் ‘இன்று’ என்று எழுதினாள், மறுமுனையில் ‘கைபாப்’. நடுவில் முழுவதும் வெற்றுத்தாள். அதைச் சுருட்டிக் கரண்டி வைக்கும் இழுப்பறையில் வைத்தோம். உங்கள் பயணத்துக்கும் இப்படி ஒரு வெற்றுத்தாளை முதல் வாரத்திலேயே தயாரித்துவிடுங்கள்.

விளிம்பில் பெரும்பாலான இடங்களில் தடுப்பு இல்லை. சிறு குழந்தைகளின் கையைப் பிடித்தே நடக்க வேண்டும்; படமெடுக்கப் பின்னால் நகர்ந்து நிற்கும் பழக்கத்தைப் பெரியவர்களும் விட வேண்டும். உள்ளே இறங்கும் பாதையில் இறங்க ஆகும் நேரத்தைப் போல இரு மடங்கு ஏற ஆகும் என்று கணக்கிட்டு, குழந்தை சோர்வடையும் முன்னரே திரும்பிவிடுங்கள்.

பேஜ்: கடிகாரமும் தண்ணீரும்

தெற்கு விளிம்பின் கிழக்கு வாயில் வழியாக வெளியேறி, கேமரன் வழியே வடக்கே போகும் சாலை, நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நாட்டினூடாகச் செல்கிறது. அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவஹோ நாடு மாற்றுகிறது. அதனால் சூழப்பட்ட ஹோப்பி பழங்குடியினரின் நிலம் மாற்றுவதில்லை. கைபேசி ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருக்கும். சுற்றுலாவுக்குப் பதிவு செய்யும்போது எந்த இடத்து நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நேர மண்டலப் பாடத்தை நான் புத்தகத்திலிருந்து நடத்த வேண்டியிருக்கவில்லை.

இங்கே மொழி பற்றியும் பேச வேண்டும். உறைவிடப் பள்ளிகளில் நவஹோ பேசியதற்காகக் குழந்தைகள் தண்டிக்கப்பட்ட காலம் இருந்தது. 1942இல் அதே மொழியைக் கொண்டு 29 நவஹோ வீரர்கள் அமெரிக்க மரைன் படைப்பிரிவுக்காக ஒரு இரகசியக் குறிமொழியை உருவாக்கினார்கள். ஜப்பானியரால் அதை உடைக்க முடியவில்லை. இந்தக் கதையைக் கேட்ட நாளில் தமிழ் நாட்குறிப்பு ஐந்து வரிக்குப் பதிலாக ஒரு பக்கமாக வந்தது.

கிளென் கேன்யன் அணையில் பாவெல் ஏரியின் கரைச்சுவரில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். ஒரு காலத்தில் நீர் நின்ற மட்டம் அது. கொலராடோ நீரை மாநிலங்களுக்குப் பிரித்த ஒப்பந்தம் 1922இல் ஆனது. காவிரிக்காக மைசூரும் சென்னையும் செய்துகொண்ட ஒப்பந்தம் 1924. அன்றிரவு தொலைபேசியில் பேரனிடம் தாத்தா பேசியது முழுவதும் மேட்டூர் அணை திறக்கும் நாளைப் பற்றித்தான்.

ஸயான்

ஸயான் பள்ளத்தாக்குச் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை தனி வண்டிகளை விடமாட்டார்கள். பூங்காவின் இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். வாட்ச்மனில் வண்டியை நிறுத்திவிட்டால் ஆறு நாளும் அதை அசைக்கத் தேவையில்லை. அதிகாலை முதல் பேருந்துகளில் ஏறுங்கள். இந்த ஓரிடத்தில் மட்டும் பாடத்தை மதியத்துக்கு மாற்றினோம்.

இரண்டாயிரம் அடி உயரச் சுவர்களாக நிற்கும் நவஹோ மணற்கல் ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் பாலைவனத்தின் மணல்மேடுகளாக இருந்தது. காற்று வீசிய திசையைக் காட்டும் சாய்ந்த கோடுகள் இன்றும் பாறையில் இருக்கின்றன. மகள் சுருளை விரித்து, 180ஆவது சென்டிமீட்டரில் சாய்ந்த கோடுகளாக மணல்மேடு ஒன்றை வரைந்தாள்.

ஆற்றில் இறங்கும் முன் அன்றைய திடீர் வெள்ள அபாய அறிவிப்பைத் தகவல் நிலையத்தில் பார்க்க வேண்டும். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், பல மைல் தொலைவில் பெய்த மழை குறுகிய பள்ளத்தாக்கில் நிமிடங்களில் சுவராக வந்துவிடும். விர்ஜின் ஆற்றில் நச்சுப்பாசி எச்சரிக்கை இருக்கும் நாட்களில் குழந்தைகள் நீரில் தலையை நனைக்கவும் கூடாது.

பிரைஸ்

ஸயானிலிருந்து சுரங்கப்பாதையைத் தவிர்த்து, 15ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போய், யூட்டா 20ஆம் எண் சாலையில் திரும்பி, பாங்குவிச் வழியாக வாருங்கள். ஏறத்தாழ 150 மைல். வரைபடத்தில் 14ஆம் எண் சாலை குறுக்குவழியாகத் தெரியும். அதன் ஏற்றம் இந்த வண்டிக்கு ஆகாது.

இங்கே முகாம்கள் எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கின்றன. அக்டோபரில் இரவில் நீர் உறையும். வெளியே இணைத்த தண்ணீர்க் குழாயைப் படுக்கும் முன் கழற்றி வடித்துவிடுங்கள். அந்தக் குளிரே பாடமும் ஆகிறது. ஒரு பிளாஸ்டிக் புட்டியில் பாதி நீர் நிரப்பி, மட்டத்தை நாடாவால் குறித்து, படியில் வைத்துவிட்டுத் தூங்கினோம். காலையில் பனிக்கட்டி நாடாவுக்கு மேலே ஒரு விரற்கடை உயர்ந்து நின்றது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. பாறை இடுக்கில் புகுந்த நீரும் அப்படியே விரிந்து பாறையைப் பிளக்கிறது. ஆண்டில் 170க்கும் மேற்பட்ட நாட்கள் இங்கே இரவில் உறைந்து பகலில் உருகுகிறது. ‘ஹூடூ’ எனப்படும் அந்த ஆயிரக்கணக்கான கல்தூண்கள் நிற்பதற்கும் ஒருநாள் விழுவதற்கும் அதுவே காரணம். புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே விளிம்புக்குப் போய்த் தூண்களைப் பார்த்தோம்.

இந்தத் தூண்களின் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏரியின் அடியில் படிந்தது. அன்று மாலை சுருளின் 50ஆவது சென்டிமீட்டரில் ஒரு தூணும் அதன் காலடியில் ஓர் ஏரியும் வந்தன. 66ஆவது சென்டிமீட்டரைத் தாண்டி வந்துவிட்டோம், இந்தப் பாறை டைனோசாரைப் பார்த்ததே இல்லை என்று மகள் தானாகவே சொன்னாள்.

திரும்பியபின்

வண்டியை ஒப்படைக்கும் முன் இரு கழிவுத் தொட்டிகளையும் காலி செய்து, எரிவாயுவை நிரப்பி, உள்ளும் புறமும் படமெடுத்து வையுங்கள். முதல் நாள் எடுத்த படங்களோடு அவற்றை ஒப்பிட்டால் கீறல் பற்றிய விவாதம் எழாது.

பள்ளிக்காக ஒரு கோப்பு தயாரியுங்கள். நாள்வாரியாகப் பாடக் குறிப்பு, கணக்குத் தாள்கள், வாசித்த நூல்களின் பட்டியல், கொதிநிலை வரைபடம், எரிபொருள் ஏடு, ஜூனியர் ரேஞ்சர் கையேடுகள், தமிழ் நாட்குறிப்பு ஆகிய அனைத்தையும் தேதியிட்டு அடுக்குங்கள். உங்கள் மாநிலம் கேட்காவிட்டாலும், மீண்டும் சேர்க்கும்போது எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்று பள்ளி முடிவு செய்ய அது உதவும். எங்கள் மகளுக்கு ஒரு கணக்குத் தேர்வு வைத்தார்கள். காலை ஐம்பது நிமிடங்கள் அங்கே கைகொடுத்தன. காகிதச் சுருள் மட்டும் கோப்பில் அடங்கவில்லை. அதை அவள் வகுப்புக்கு எடுத்துப் போனாள். ஆசிரியை அதைக் கரும்பலகைக்கு மேலே நீளவாக்கில் ஒட்டினார்.